மாத்திரை என்றால் மாத்திரைதான்

கண்ணாடி வெட்டுகிற அந்த மனுஷருக்குத் தெருவில் 'அளவுக்காரர்' என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவர் கொஞ்சம் எரிச்சலோடுதான் வைத்திருப்பார். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமென்று அளவை எடுத்துக்கொண்டு வருவீர்கள். அது சட்டத்தின் உள் அளவா, வெளி அளவா என்று அவர் கேட்கமாட்டார். சொன்ன அளவுக்குக் கோடு போட்டு, ஒடித்து, ஓரம் தேய்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். வீட்டில் வைத்துப் பார்த்தால் சட்டத்துக்குள் இறங்காது. திரும்ப வந்து கத்தினால், "நீங்க சொன்னதைத்தான் வெட்டினேன். நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

மனைவி இருந்தவரைக்கும் அந்த அம்மா இடையில் நின்று சமாளித்தார். "உள் அளவா வெளி அளவான்னு பாத்துச் சொல்லுங்க, இவரு கேக்கமாட்டாரு" என்று வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். ஊர் பேசுவதை இவருக்குப் புரியும்படி திருப்பிச் சொன்னதும் அவர்தான், இவர் பேசுவதை ஊருக்குப் புரியவைத்ததும் அவர்தான். அந்த அம்மா போய்ச் சேர்ந்தபிறகு இடையில் நிற்க ஆளில்லை. சொன்னது சொன்னபடியே இவர் காதில் விழுந்தது. இவர் சொன்னதும் அப்படியே போய் ஊர்க் காதில் விழுந்தது.

முன்னால் கடை, பின்னால் ஒரே அறை. கட்டில், அடுப்பு, கொடியில் இரண்டு சட்டை. அறையைத் தாண்டி ஒரு சின்ன முற்றம், அதன் மூலையில் தகரக் கதவு போட்ட கக்கூஸ். கடைச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள் சாய்த்து வைத்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே அவரைப் பார்ப்பார். வேறு யாராவது தென்பட்டால் வாடிக்கைக்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கூட்டுச் சேர்ந்து அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டன. இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மிஷினில் படுக்கவேண்டும். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று சொன்னார்கள். அன்றோடு பெரிய கண்ணாடிப் பலகை எடுக்கிற வேலையை விட்டார். போட்டோ சட்டத்துக்கும் மேசை அலமாரிக்கும் மட்டும் வெட்டினார். வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டைதான். அந்தக் கையை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

மிஷினில் சேர்ந்த முதல் நாளே அங்கிருந்த சிஸ்டர் சொல்லிவிட்டாள்: "அப்பா, எங்களைக் கேக்காம எந்த மாத்திரையும் போடக்கூடாது. தலைவலி மாத்திரை கூட."

சிஸ்டருக்கு அவர் மகள் வயதிருக்கும். அங்கே வருகிற கிழவர்கள் எல்லோரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர் தலையாட்டினார். ஆட்டினால் ஆட்டினதுதான். ஒருநாள் மண்டை பிளக்கிற தலைவலியில் மிஷினில் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு மாத்திரையை நீட்டினார். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"புடிங்க கண்ணாடி. யாருக்கும் தெரியாது."

"சிஸ்டர் வேண்டாம்னுச்சு."

"சிஸ்டர் சாப்பிடப் போயிருக்குய்யா."

"போனாலும் சொன்னது சொன்னதுதானே?"

டிரைவர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டார். "உமக்குப் பொண்டாட்டியா வாழ்ந்த புண்ணியவதி நேரா சொர்க்கத்துக்குத்தான் போயிருப்பா" என்றார்.

"போயிட்டா" என்றார் அளவுக்காரர்.



தண்ணீருக்கும் அளவு உண்டு. உள்ளே போனது சிறுநீராக வெளியே வராது என்பதால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன பாட்டில் கணக்கு. டீ, பால், கஞ்சி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இந்தக் கணக்கில் அவரை அடித்துக்கொள்ள அந்த ஹாலில் ஆள் கிடையாது. வாய் கொப்பளிக்கும்போது தவறி விழுங்கிய மடக்கைக்கூடச் சேர்த்துச் சொல்வார்.

தண்ணீர் குறைவு. பழமும் கீரையும் பார்த்துப் பார்த்துத்தான். போதாததற்குச் சாப்பாட்டோடு மென்று தின்னச் சொல்லி ஒரு மாத்திரை, அது வயிற்றைக் கட்டும். இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? வயிறு கல்லாகிவிட்டது. தகரக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்ததுதான் மிச்சம். வியர்த்து, கண்ணில் நீர் முட்டி, ஒன்றும் நடக்காமல் எழுந்து வருவார். பசி அடங்கிப்போனது. எந்த நேரமும் வயிற்றைப் பற்றிய நினைப்புதான்.

இதை யாரிடம் சொல்வது? வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பு?"

"இருக்கு."

"மிஷினுக்குப் போனீங்களா?"

"போனேன்."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார்கள். பிறகு அவள் வைக்கட்டுமா என்பாள், இவர் வை என்பார். பெண்பிள்ளையிடம் போய்க் கக்கூஸ் கதையையா சொல்லமுடியும்? அதற்கென்று ஒருத்தி இருந்தாள். மூஞ்சியைப் பார்த்தே, "என்ன, இன்னிக்கும் போகலையா?" என்று கேட்டுவிட்டு வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

சிஸ்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஹாலில் படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு கை நீளம் இடைவெளி. இருமினால்கூட எல்லோருக்கும் கேட்கும். எதிர் வரிசையில் பெண்கள். "மோஷன் போகுதாப்பா?" என்று சிஸ்டர் சத்தமாகக் கேட்கும்போதெல்லாம் அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "போகுது" என்பார். அளவுக்காரர் வாயில் வந்த ஒரே பொய் அதுதான்.

கடைசியில் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த குழந்தைச் சோப்பு விளம்பரத்தைப் படித்தார், மறுபடியும் படித்தார். ஆள் ஒழிந்ததும் கிட்டப் போய்க் குரலை இறக்கினார்.

"வயிறு கட்டியிருக்கு."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"ஆச்சு."

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அளவுக்காரர் யோசித்தார். மருந்து என்றால் பாட்டிலில் இருப்பது, மூடியில் ஊற்றிக் குடிப்பது. அப்படி எதுவும் அவர் குடிப்பதில்லை. அவர் போடுவதெல்லாம் மாத்திரை, கைநிறைய மாத்திரை. கடைக்காரர் அதைக் கேட்கவில்லையே?

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார்.

முழுக்கைச் சட்டைக்குள் இடது கை அதிர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அதை எப்படிப் பார்ப்பார்? பின்னால் திரும்பி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"பால் மாதிரி வெள்ளையா இருக்கும். நல்லாக் குலுக்கி, படுக்கப்போறப்போ மூடியால ரெண்டு மூடி. தண்ணி நிறைய குடிங்க."

"இது மாத்திரை இல்லையே?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "பாத்தா மாத்திரை மாதிரியா இருக்கு?"

அவருக்கு அது போதும். சிஸ்டர் சொன்னது மாத்திரையை. இது மாத்திரை இல்லை. சிஸ்டர் சொல்லைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து குலுக்கி, இரண்டு மூடி ஊற்றிக் குடித்தார். சுண்ணாம்புத் தண்ணீர்போல நாக்கில் ஒட்டியது. தண்ணீரை நிறையக் குடிக்க வழியில்லை, இதுவே நீர்தானே என்று அந்த இரண்டு மூடியைத் தன் பாட்டில் கணக்கில் கழித்துக்கொண்டு, அந்த அளவுக்கு டீயைக் குறைத்தார். சிஸ்டர் மொத்தம் எவ்வளவு என்றுதான் கேட்பாள், மொத்தத்தைச் சரியாகச் சொன்னார்.

மறுநாள் காலை தகரக் கதவைத் திறந்து வெளியே வந்தவர், முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். பல மாதத்துக்குப்பிறகு உடம்பு லேசாக இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கடைக்குள் போனார். சுவரெல்லாம் அவரே நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார்.

அதிலிருந்து அந்தப் பாட்டில் கட்டிலடியில் குடிவந்துவிட்டது. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. முதலில் படுக்கும்போது மட்டும் குடித்தார். பிறகு வயிறு மறுபடி முரண்டு பிடித்தபோது காலையிலும் சேர்த்தார். காலையில் குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பட்டப்பகலில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். வயிற்றைப் புரட்டும். முகத்தில் காரணமில்லாமல் சூடு ஏறும். வயசாச்சு, அப்படித்தான் என்று விட்டுவிட்டார். கூட இருந்து பார்க்கிற கண் ஒன்று இருந்திருந்தால், ஏன் இப்படித் தள்ளாடுறீங்க என்று அதட்டியிருக்கும். இவர் தள்ளாடியதைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிகள்தான். அவை எதுவும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஒரு பெண் கல்யாணப் போட்டோவைக் கொடுத்துக் கண்ணாடி கேட்டாள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை வைத்து இழுத்தார். கண்ணாடிக்காரனுக்குக் காதுதான் பாதி வேலை. முனை சரியாக அழுந்தினால் துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரவேண்டும். அன்றைக்குச் சத்தம் விட்டு விட்டு வந்தது. விரலில் அழுத்தம் இல்லை. ஒடித்தால் கோட்டை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி உடைந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் போயிற்று.

"வேணும்னா அப்புறமா வரட்டுமாண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"வாங்க" என்றார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை யாருடையதோ போல இருந்தது.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் மிஷின் இல்லாத நீண்ட இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க, வயிறு மந்தமாக இருப்பதால்தான் சோர்வு என்று நினைத்துக்கொண்டு, மூடிக்கு மேல் மூடியாக ஊற்றினார். ஞாயிறு மகள் கூப்பிட்டபோது நாக்கு புரளவில்லை.

"என்னப்பா, தூங்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"சரி தூங்குங்க. அப்புறம் பேசறேன்."

தூங்கினார். அவள் சொன்னாள், அவர் தூங்கினார்.

திங்கள் காலை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே முழுசாக நினைவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். எடை பார்க்கும் கருவியில் நிற்கும்போது டிரைவர்தான் தோளைப் பிடித்தார்.

"என்ன கண்ணாடி, காலங்காத்தால ஏத்திட்டு வந்துட்டீரா?"

பதிலுக்கு இமையைத் தூக்கிப் பார்க்க முயன்றார். இமை ஒத்துழைக்கவில்லை. டிரைவரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சிஸ்டர்! இங்க வாம்மா சீக்கிரம்!"

படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் கீழே கிடந்தது. நாடியைப் பிடித்த சிஸ்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தாள், முகம் மாறியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டரம்மா வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவேண்டும், துள்ளவில்லை.

"பொட்டாசியமா இருக்குமா?" என்றாள் சிஸ்டர்.

"ரத்தம் அனுப்பு. ஆனா இவ்வளவு தூக்கம் எதுக்கு? ஏதோ மருந்து வேலை மாதிரி இருக்கு." டாக்டரம்மா குனிந்தார். "ஐயா, தூக்க மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்லை."

"வலி மாத்திரை?"

"இல்லை."

"அப்பா, பயப்படாமச் சொல்லுங்க. திட்டமாட்டோம். எங்களைக் கேக்காம ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்றாள் சிஸ்டர்.

"போடலைம்மா. நீ சொன்னதை நான் தாண்டலை."

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் அவர் குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. அவருக்குப் பயமாக இல்லை, அதுதான் விசேஷம். வெதுவெதுப்பாக, சொகுசாக இருந்தது. அப்படியே போய்விடலாம்போல் இருந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த கருவி மட்டும் ஒரு சத்தம் போட்டுவிட்டு, அடுத்த சத்தத்துக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

"அந்த மனுஷன் பொய் சொல்லமாட்டாரு டாக்டரம்மா" என்றார் டிரைவர். "நான் குடுத்தே வாங்கலை."

சிஸ்டர் உதட்டைக் கடித்தாள். ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தால் தூங்காமல் இருப்பார் என்று அவர் கன்னத்தைத் தட்டி, வழக்கமாக மொத்தத்தை மட்டும் கேட்கிறவள் அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கேட்டாள். "அப்பா, கண்ணைத் திறங்க. நேத்திலிருந்து என்னென்ன குடிச்சீங்க? கணக்குச் சொல்லுங்க."

கணக்கு என்றதும் அவருக்கு உள்ளே எங்கோ ஒரு விளக்கு எரிந்தது. எத்தனை மயக்கத்திலும் அது அவருடைய வேலை.

"அரை டம்ளர் டீ. மாத்திரைக்குத் தண்ணி ரெண்டு மடக்கு. காலையில கஞ்சி..." நிறுத்தினார்.

"அப்புறம்?"

எதிர்வரிசைப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  சொல்லாமல் விட்டால் கணக்குத் தப்பு. சொன்னால் எதற்கு என்று கேட்பாள்.

"அப்புறம் என்னப்பா?"

"அந்த வெள்ளை."

"எந்த வெள்ளை?"

"பாட்டில்ல. பால் மாதிரி. மூடியில... அஞ்சாறு மூடி."

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "எதுக்குக் குடிச்சீங்க? ஐயா, எதுக்கு?"

அளவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடையில் ஆள் ஒழிந்தபிறகு குரலை இறக்கிச் சொன்னதை, அத்தனை படுக்கைக்கும் கேட்கும்படி சொன்னார். "கக்கூஸ் போக. ரொம்ப நாளா போகலை."

யாரும் சிரிக்கவில்லை.

"கால்சியம் எடு" என்றார் டாக்டரம்மா. "மெக்னீசியம் பாக்கச் சொல்லி லேபுக்குப் போன் பண்ணு. மிஷினை உடனே போடு."

நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார்கள். மிஷின் சுற்ற ஆரம்பித்தது. கருவியின் சத்தங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தன. மத்தியானம் தாண்டித்தான் அவரால் இமையைத் தூக்க முடிந்தது. டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளை மருந்துல மெக்னீசியம்னு ஒரு உப்பு இருக்கு. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அது சிறுநீர்ல போயிடும். உங்களுக்குப் போற வழி அடைச்சிருக்கு. குடிக்கக் குடிக்க ரத்தத்துல சேரும். கை, கால், மூச்சு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தூங்க வைக்கும். கடைசியில இதயத்தையும் தூங்க வச்சிடும். இன்னிக்குக் கிட்டத்தட்ட வச்சிடுச்சு."

"நெஞ்செரிச்சலுக்கு நான்கூட ஒரு வெள்ளை மருந்து அப்பப்போ..." என்று டிரைவர் இழுத்தார்.

டாக்டரம்மா திரும்பினார். "அதுலயும் இருக்கலாம். பாட்டிலைக் கொண்டாந்து காட்டுங்க. கடையில விக்கிற எனிமா சிலதுல பாஸ்பேட் இருக்கு, அதுவும் உங்களுக்கெல்லாம் ஆகாது. தண்ணியில கலக்குற நார்த்தூளுக்கு நிறைய தண்ணி வேணும், நீங்க குடிக்க முடியாது. வயிறு போகலைன்னா எங்ககிட்ட சொல்லுங்க. உங்களுக்குத் தகுந்த மருந்து இருக்கு, நான் எழுதித் தர்றேன். இது என்ன கொலைக் குத்தமா, மறைக்க?"

"எனக்கும்தான் நாலு நாளாச்சு" என்றது எதிர்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

சிஸ்டர் அவருடைய கையில் பிளாஸ்திரி ஒட்டினாள். "நான் மாத்திரைன்னு சொன்னேன்ல" என்றாள், ரொம்ப மெதுவாக. "வாயில போடறது, ஊத்தறது, பின்னால வைக்கிறது, கடைத் தூள், எல்லாத்தையும் சேத்துச் சொல்லியிருக்கணும்பா."

"நீ சொன்னது சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

இரண்டு நாளாவது இருக்கவேண்டும் என்று வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றினார்கள். டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டார். சிஸ்டருக்கும் நேரம் முடிந்தது. மற்ற படுக்கைகளைச் சுற்றி ஆட்கள். ஒருவருக்கு மருமகள் தலை வாரிவிட்டாள், இன்னொருவருக்குப் பேரன் செய்தித்தாள் படித்தான். அளவுக்காரர் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ சொல்லி மகள் கூப்பிட்டாள். குரல் பதறியது.

"என்னப்பா ஆச்சு? என்ன சாப்பிட்டீங்க?"

நடந்ததை அவர் சொன்னார். கக்கூஸ் என்ற சொல்லையும் விடாமல் சொன்னார். 

"அம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "நான் வரட்டுமாப்பா?"

"உனக்கு எதுக்கு அலைச்சல்? வேலை இருக்கும். வேண்டாம்."

"நிஜமாவா?"

"வேண்டாம்."

"சரிப்பா. பாத்துக்கங்க."

போன் அணைந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றார், அவள் சரி என்றாள். அவள் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு தடவை கேட்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

விரல் இன்னும் சரியாக அழுந்தவில்லை. தப்பான எண்ணுக்கு ஒருமுறை போய், மன்னிக்கவும் சொல்லி, மறுபடி அழுத்தினார்.

"என்னப்பா?"

"வந்துட்டுப் போ."

"ஏன்பா? டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"டாக்டர் சொல்லலை. நான்தான் சொல்றேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாளைக்கு லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். கிடைக்காவிட்டால் வாரக் கடைசியில் கண்டிப்பாக என்றாள். சரி என்றார். இந்த முறை இரண்டு பேருமே உடனே வைக்கவில்லை.

சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர் கட்டிலருகே நின்றார். "கூட இருக்கறவங்களுக்கும் தட்டு வேணுமா பெரியவரே?"

"இன்னிக்கு வேண்டாம்" என்றார் அளவுக்காரர்.